ஊர்வது ஊர்தி, சாய்வது காண்போன்

என்பது நூற்பா. எந்தச் சுவடியிலும் தேட வேண்டாம். நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஒரு பாறையின் மேல் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தபோது இவ்வாய்வாளர் இயற்றியது. சூத்திரத்தையும் தானே செய்து உரையையும் தானே செய்வது முறையோ எனின், முறையே. இந்தத் துறையில் வேறு ஆள் இல்லை.

இதன் பொருள்: பாறைகளின் மேல் வண்டி ஏற்றும் போட்டியில் ஊர்ந்து செல்வது வண்டி, அதைப் பார்த்துக்கொண்டிருப்பவன் தன்னையறியாமல் உடம்பைச் சாய்ப்பான் என்றவாறு. 'காண்போன்' என ஆண்பாலாற் கூறினாரேனும் பெண்பாலும் கொள்க. பெண்பாலே அதிகம் சாய்ந்ததைப் பின்னர்க் கூறுதும்.

அமெரிக்கர்கள் இந்த விளையாட்டை ராக் கிராலிங் என்கிறார்கள். கிராலிங் என்றால் ஊர்தல். தமிழறிந்தவன் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். வண்டிக்கு நாம் வைத்திருக்கும் பெயர் ஊர்தி. ஊர்தலுக்கு எறும்பு போல நகர்வது என்றும் பொருள், யானை குதிரை மேல் ஏறிச் செலுத்துவது என்றும் பொருள். இரண்டாவது பொருளில்தான் ஊர்தி வந்தது என்பார்கள் சொல்லாய்வாளர்கள். இருக்கட்டும். ஆனால் நெடுஞ்சாலையில் 120 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிற ஒன்றை ஊர்தி என்று கூப்பிடும்போது நாக்கு லேசாகக் கூசுகிறதா இல்லையா? சென்னை அண்ணா சாலையில் மாலை ஆறு மணிக்கு அது பெயருக்கேற்ப நடந்துகொள்ளும். அதுவும் விருப்பப்பட்டு அல்ல. தானாக முன்வந்து, காசு செலவழித்து, பரிசுக்காக ஊர்கிற ஊர்தி இந்த ஒரு விளையாட்டில்தான் உண்டு. இச்சொல் நெடுங்காலம் காத்திருந்து தன் பொருளைக் கண்டுகொண்ட இடம் நியூ மெக்சிகோ என்பதில் தமிழர்களுக்கு வருத்தம் வேண்டாம்.

எவ்வளவு மெதுவாக ஊர்கிறது என்பதற்குக் கணக்கு உண்டு. போட்டி வண்டியைக்கூட விட்டுவிடுவோம்; கடையில் வாங்கக் கிடைக்கும் ஜீப் ராங்லர் ரூபிகானை, கையால் கியர் போடும் வகையை, எடுத்துக்கொள்வோம். முதல் கியர் 5.13 மடங்கு. நாலு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துத் தரும் பெட்டியின் லோ கியர் 4 மடங்கு. அச்சிலிருக்கும் கிரவுன் பினியன் 4.10 மடங்கு. மூன்றையும் பெருக்கினால் 84 சொச்சம். எஞ்சின் 84 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றில் சும்மா உறுமிக்கொண்டிருந்தால், 33 அங்குல டயர் நிமிடத்துக்கு ஒன்பதரைச் சுற்று. மணிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர். மாட்டு வண்டி இதை முந்திக்கொண்டு போகும். மாடு திரும்பிக்கூடப் பார்க்காது.

இனி களம். நியூ மெக்சிகோவின் வடமேற்கு மூலையில் ஃபார்மிங்டன் என்றோர் ஊர். ஊருக்கு வடக்கே வெளிர்மஞ்சள் மணற்கல் பாறைகளும் வறண்ட ஓடைகளுமாகக் கிடக்கும் பொட்டலில் இந்தப் போட்டிகள் நடக்கும். நாங்கள் ஃபீனிக்ஸிலிருந்து போனோம். வண்டியில் ஏறத்தாழ ஏழு மணி நேரம். ஆய்வுக் குழுவில் இருவர்: ஆய்வாளர், மற்றும் ஆய்வாளரின் மனைவி. பின்னவர் குழுவில் சேர்ந்தது முழு விருப்பத்தோடு அல்ல. ஷிப்ராக் பாறையைக் காட்டுவதாகச் சொல்லி அழைத்து வரப்பட்டவர் அவர். ஷிப்ராக் பொய் இல்லை. மேற்கே வானம் தெளிந்திருந்தால் தெரியும். சமவெளியிலிருந்து 480 மீட்டர் உயரத்துக்குத் தனியாக எழுந்து நிற்கிற எரிமலைக் கழுத்து. நவஹோ மக்கள் மொழியில் அதன் பெயருக்குச் சிறகுள்ள பாறை என்று பொருள். அவர்களுக்கு அது புனிதம். யாரும் ஏறக் கூடாது. ஏறக் கூடாத பெரிய பாறையை மேற்கே வைத்துக்கொண்டு, ஏற முடியாத சின்னப் பாறைகளில் வண்டியை ஏற்றிக்கொண்டிருக்கிறது கிழக்கே ஒரு கூட்டம். இதை வைத்துத் தனியே ஓர் ஆய்வேடு எழுதலாம், எழுதுபவர் எழுதட்டும்.

பிறப்பு வரலாறு நீளமாகச் சொல்லத் தக்கதன்று. இரண்டாம் உலகப் போருக்காகச் செய்த ஜீப்புகள் போர் முடிந்ததும் வேலையில்லாமல் நின்றன. சும்மா நின்ற வண்டியை மனிதன் மலையில் ஏற்றினான். 1953 இல் கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் ரூபிகான் தடத்தில் ஜீப்புகள் கூட்டமாக ஊர்வலம் போயின. மேலே சொன்ன ராங்லருக்குப் பெயர் வந்தது அந்தத் தடத்திலிருந்து. 1967 முதல் யூட்டாவின் மோவாபில் ஈஸ்டர் ஜீப் சஃபாரி. அங்குள்ள மணற்கல்லுக்கு ஸ்லிக்ராக், அதாவது வழுக்குப் பாறை என்று பெயர். இரும்பு லாடம் அடித்த குதிரைகள் அதில் வழுக்கியதால் முன்னோர் வைத்த பெயராம். ரப்பர் டயருக்கோ அதே கல் உப்புத்தாள். குதிரை சொன்னதை நம்பிப் பெயர் வைத்தால் இப்படித்தான். 1990களின் இறுதியில்தான் இதற்கு விதி, நடுவர், புள்ளி, பரிசு எல்லாம் வந்து போட்டியானது.

விதிகளை மனைவிக்கு விளக்கியபடியே இங்கும் தருகிறேன். பாறைகளுக்கிடையே ஆரஞ்சு நிறக் கூம்புகளை இரண்டிரண்டாக நட்டிருப்பார்கள். ஒவ்வொரு சோடியும் ஒரு வாசல். வண்டி எல்லா வாசலையும் வரிசையாகக் கடந்து வர வேண்டும். கூம்பைத் தொட்டால் 10 புள்ளி. பின்னால் எடுத்தால் ஒவ்வொரு முறைக்கும் 1 புள்ளி. நேரம் 10 நிமிடம். யாருக்குப் புள்ளி குறைவோ அவரே வென்றவர்.

"புள்ளி வாங்கக் கூடாதா?"

"வாங்கக் கூடாது."

"அப்போ வீட்டிலயே இருந்திருந்தா ஜெயிச்சிருப்பாங்களே."

தர்க்கத்தில் ஓட்டை இல்லாததால் ஆய்வாளர் பேச்சை மாற்றினார். முதல் வண்டி வந்தது. ஒரு பாறையின் அடியில் முன்சக்கரத்தை வைத்தது. நின்றது. உறுமியது. நான்கு அங்குலம் ஏறியது. இறங்கியது. மூன்று நிமிடம் இப்படியே போயிற்று. மனைவி புளியோதரை டப்பாவைத் திறந்தபடி சொன்னார்:

"இதைப் பார்க்கவா ஏழு மணி நேரம் ஓட்டிட்டு வந்தோம்? நம்ம ஊர்ல கரும்பு லாரி பள்ளத்துல மாட்டிக்கிட்டா ஊரே கூடி நின்னு பார்க்கும். டிக்கெட் கிடையாது."

ஏளனமாகச் சொல்லப்பட்டாலும், இந்த விளையாட்டின் தோற்றம் பற்றி இதுவரை ஆய்வாளரின் காதில் விழுந்தவற்றுள் இதுவே சிறந்த கருதுகோள். மாட்டிக்கொண்ட வண்டியைச் சுற்றிக் கூட்டம் கூடுவது மனித இனம் முழுவதற்கும் பொது. கூடியவர்களில் பாதிப் பேர் யோசனை சொல்வார்கள். மீதிப் பேர் அந்த யோசனை ஏன் பலிக்காது என்று சொல்வார்கள். அமெரிக்கன் செய்த ஒரே புதுமை, வண்டி தானாக மாட்டிக்கொள்ளும் வரை காத்திராமல் அதைக் கொண்டுபோய் மாட்டியது.

வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. உச்சப் பிரிவு வண்டிக்கு உடம்பு என்று ஒன்று கிடையாது. இரும்புக் குழாய்க் கூண்டு, அதற்குள் முன்பக்கம் தள்ளி ஓட்டுநர், அவர் முதுகுக்குப் பின்னால் எஞ்சின். பின்சக்கரங்களும் திரும்பும், ஆகவே நண்டு போலக் குறுக்கே நடக்கும். முன்பக்கம் தூக்கிக்கொண்டு மல்லாந்துவிடாமலிருக்க, கூண்டின் முன்பக்கத்தை முன் அச்சோடு கயிறு கட்டி இழுத்துத் தாழ்த்திக்கொள்ள ஒரு சின்ன உருளை உண்டு. இவ்வளவும் அதிசயம்தான். ஆனால் அருகில் போய்ப் பார்த்தால் கண் போய் நிற்பது டயரில். சாலையில் 35 பவுண்டு காற்று அடிக்கிற நாம், இவர்கள் 10க்கும் கீழே வைத்திருப்பதைப் பார்த்தால் பஞ்சர் என்று நினைப்போம். டயர் விளிம்பைவிட்டுக் கழன்றுவிடாமல் இரும்பு வளையம் வைத்து போல்ட்டுகளால் முடுக்கியிருக்கிறார்கள். ஒரு வண்டி எங்களுக்கு ஆறடி தூரத்தில் ஒரு கூர்முனையில் சக்கரத்தை வைத்தது. டயர் அந்த முனையின் மேல் மெல்ல அமுங்கி, இரண்டு பக்கமும் வழிந்து, கல்லை உள்ளங்காலால் பிடித்துக்கொண்டது. யானை தரையில் பாதம் வைத்துக் கனத்தை இறக்கும்போது பாதம் விரியுமே, அதேதான். அதுவரை பேசிக்கொண்டிருந்த மனைவி அப்போது பேச்சை நிறுத்தினார். எறும்பூரக் கல்லும் தேயும் என்பது பழமொழி. இங்கே தேய்வது டயர்; கல்லின் மேல் அது விட்டுப் போன கருங்கோடு வெயிலில் ரப்பர் வாடை அடித்துக்கொண்டிருந்தது.

அடுத்து, ஓட்டுநருக்கு முன்னால் பாறையில் தாவித் தாவி நடக்கும் ஒருவரைக் காணலாம். ஸ்பாட்டர் என்று பெயர். இவரைத் தமிழர்களுக்கு விளக்கவே வேண்டியதில்லை. லாரி கிளீனர். வண்டியின் மூக்கு வானத்தைப் பார்க்கும்போது ஓட்டுநருக்குத் தெரிவது வானம் மட்டும். சக்கரம் எங்கே இருக்கிறது என்பது ஸ்பாட்டருக்குத்தான் தெரியும். எஞ்சின் சத்தத்தில் குரல் எடுபடாது. எல்லாம் கை ஜாடை. விரல் லேசாக மடங்கினால் இம்மி முன்னே. உள்ளங்கை சாய்ந்தால் அந்தப் பக்கம் திருப்பு. மூடிய முஷ்டி என்றால் நில்.

இந்தக் கலையில் நம் கிளீனர்கள் வேறொரு மரபைச் சேர்ந்தவர்கள். அது வாய்மொழி மரபு. "வா வா வா... ஒடி... நல்லா ஒடி... ரைட்ல ஒடி... நேராக்கு... வரட்டும் வரட்டும்... ஓல்டேன்!" என்று ஒரே மூச்சில் வரும். 'ஒடி' என்பது ஸ்டீயரிங்கை ஒடிப்பது, வண்டி ஒடியாது. 'ஓல்டேன்' ஆங்கிலத்திலிருந்து வந்து தமிழாகவே குடியேறிவிட்ட சொல். சொல் முடியும் இடத்தில் வண்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. அது முற்றுப்புள்ளி. ஃபார்மிங்டனில் இந்தத் தட்டு இல்லாததை ஆய்வாளர் பெருங்குறையாகவே குறித்துக்கொண்டார். ஆனால் மனைவி கவனித்தது வேறு.

"பாருங்க, கை காட்டின பக்கம் திருப்புறான். எதிர்த்து ஒரு வார்த்தை பேசல."

வீட்டு கார் ஷெட்டில் பின்னால் நின்று வழி காட்டியும், சுவரில் உராய்ந்த பிறகு "நீ சரியாச் சொல்லல" என்பதைக் கேட்டுக்கொண்டும் பல ஆண்டு கழித்த ஒருவரின் குரல் அது. ஆய்வின் நடுநிலை கருதி இப்பகுதி இத்துடன் முடிகிறது.

இனித் தலைமைப் பொருள்.

கவிழும் பக்கம் எதுவெனக் கண்டு
மறுபக்கம் சாய்தல் காண்போர் இயல்பே.

என்பது இரண்டாம் நூற்பா. நண்பகலுக்குப் பிறகு ஒரு பச்சை வண்டி, என் மார்பளவு உயரமுள்ள விளிம்பில் முன்சக்கரங்களை ஏற்றிவிட்டுப் பின்னிடச் சக்கரத்தை அந்தரத்தில் விட்டுக்கொண்டு நின்றது. அந்தச் சக்கரம் எதையும் தொடாமல், அவசரமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. வண்டி வலப்பக்கம் சரிந்திருந்தது. ஆய்வாளர் வண்டியைப் பார்க்காமல் வரிசையைப் பார்த்தார். எங்கள் பாறையில் பதினான்கு பேர். பதின்மூன்று பேர் இடப்பக்கம் சாய்ந்திருந்தார்கள். சோளப்பொரி உறை கையில் இருந்தவர் உறையோடு. குழந்தையை வைத்திருந்த தாய் குழந்தையோடு. பதினான்காமவர் தூங்கிக்கொண்டிருந்தார்; அவரும் சாய்ந்துதான் இருந்தார், ஆனால் சான்றாகக் கொள்ள முடியாது. பலருடைய வலக்கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. அங்கே பிரேக் இருப்பதாக நினைப்பு. யாரும் மூச்சு விடவில்லை.

ஒருசாரார் மட்டும் கவிழும் பக்கமே சாய்வர். கேமரா வைத்திருப்பவர்கள். அவர்கள் மனத்தில் உள்ளது என்னவென்று முதுகுத்தண்டு காட்டிக்கொடுத்துவிடுகிறது. இவர்களைப் பற்றிச் சொல்ல ஆய்வாளரிடம் நல்ல வார்த்தை இல்லை, அவர்கள் எடுத்த படங்களைப் பார்த்துக்கொண்டே இதை எழுதினாலும்.

ஏன் சாய்கிறோம்? வண்டியின் கனம் எல்லாம் கீழே இருக்கிறது: அச்சு, சக்கரம், எஞ்சின். கனத்தின் மையத்திலிருந்து ஒரு தூக்குக்குண்டு விட்டால் அது சக்கரங்களுக்கு உட்புறம் விழும் வரை வண்டி கவிழாது. மனிதனோ தலையும் தோளும் மேலே, இரண்டு சின்னப் பாதம் கீழே. நம் உடம்பு 'விழுந்தாச்சு' என்று தீர்ப்புச் சொல்லிவிட்ட கோணத்தில் வண்டி இன்னும் நிம்மதியாக நின்றுகொண்டிருக்கிறது. கண் ஒன்று சொல்ல, காதுக்குள் இருக்கிற நிதானம் இன்னொன்று சொல்ல, அந்த இடைவெளியை நிரப்ப முதுகு சாய்கிறது. போட்டியில் கவிழ்ந்தே போனாலும் சில வண்டிகள் ஓர் உருட்டு உருண்டு தாமே நிமிர்ந்துகொள்வதுண்டு. அப்போதும் கூட்டம் சாய்ந்த சாய்வை நிமிர்த்தக் கொஞ்ச நேரம் ஆகும். வண்டியைவிடக் காண்போனுக்கு லோ கியர் அதிகம்.

'கேரம் ஆடும்போதும் காய் குழியில் விழ வேண்டும் என்று சாய்கிறோமே. பந்து எல்லைக் கோட்டைத் தாண்ட வேண்டும் என்று டி.வி. முன்னால் எழுந்து நிற்கிறோமே. இதில் என்ன புதுமை?' எனின், அற்றன்று. அங்கே காய் கை விட்டுப் போய்விட்டது. சாய்வு ஒரு நொடி. இங்கே பத்து நிமிடம். அங்கே சாய்வு ஆசை, இங்கே சாய்வு உழைப்பு. மறுநாள் காலை இடுப்பு பிடித்துக்கொண்டதே சான்று.

பிற களங்களையும் ஆய்வாளர் ஒப்புநோக்கினார், வீட்டிலிருந்தபடி காணொளியில். கலிஃபோர்னியாவின் மொஹாவே பாலைவனத்தில் ஜான்சன் பள்ளத்தாக்கு. அங்கே 2007 இல் தொடங்கிய கிங் ஆஃப் த ஹாமர்ஸ், பாறையும் மணலும் கலந்த ஓட்டப் பந்தயம். அதைவிட அங்கே பேர்போனது இரவு. சாக்லேட் தண்டர் என்னும் பாறைச் சரிவில், பந்தயத்துக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள் தங்கள் வண்டியை ஏற்றிப் பார்க்க, சுற்றிலும் மலை விளிம்பு முழுக்கக் கூட்டம் விளக்கோடு உட்கார்ந்து கத்தும். ஐஸ்லாந்திலும் 1960களிலிருந்தே ஒரு வகை உண்டு. அங்கே கரும் எரிமலை மணல் சரிவில் வேகமாகப் பாய்ந்து ஏறுகிறார்கள். அது ஊர்தல் இலக்கணத்துக்குப் புறம்பானது, விட்டுவிடுவோம். குறிக்கத்தக்கது ஒன்றே: ஜான்சன் பள்ளத்தாக்குக் காணொளியைப் பார்த்தபோது ஆய்வாளர் தான் சாயவில்லை என்றே நம்பினார். மனைவி சுட்டிக்காட்டிய பிறகுதான் தெரிந்தது, சாய்ந்திருந்தது கைபேசி.

ஃபார்மிங்டனுக்குத் திரும்புவோம். மாலை நான்கு மணி இருக்கும். பச்சை வண்டி கடைசித் தடத்தில் கடைசி வாசலுக்கு முன்னால் நின்றது. ஒரு கூம்பு பின்சக்கரத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில். மீதி நேரம் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. ஸ்பாட்டர் குனிந்து டயருக்கு அடியில் பார்த்தார், நிமிர்ந்தார், இரண்டு விரலை மடக்கினார். வண்டி இம்மி நகர்ந்தது, வலப்பக்கம் சரிந்தது, இன்னும் சரிந்தது. காலையில் கரும்பு லாரியைப் பற்றிப் பேசியவர் இப்போது என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "ஒடி... ஒடி... லெஃப்ட்ல ஒடிடா கண்ணு..." என்று யாரோ முன்பின் தெரியாத அமெரிக்கனிடம் தமிழில் மன்றாடிக்கொண்டிருந்தார். அவர் இடப்பக்கம் சாய்ந்தார். இடப்பக்கத்தில் இருந்தது ஆய்வாளரின் மடக்கு நாற்காலி. அதன் ஒரு கால் பாறை வெடிப்பில் இருந்தது.

இதற்கு மேல் 'ஆய்வாளர்' என்று சொல்லிக்கொள்வது சரியில்லை. விழுந்தது நான்.

அதிக தூரமில்லை. சரிவான மணற்கல்லில் உட்கார்ந்த வாக்கிலேயே வழுக்கி, நாலடி கீழே ஒரு சின்னத் திட்டில் போய் நின்றேன். ஒரு வகையில் அந்தக் குதிரைகளும் சரியாகத்தான் சொல்லியிருக்கின்றன. நாற்காலி எனக்கு முன்பே இறங்கியிருந்தது. புளியோதரை டப்பா எனக்குப் பின்னால் வந்து சேர்ந்தது. அடி எதுவுமில்லை. ஆனால் மேலே ஏறவும் முடியவில்லை, கீழே இறங்கவும் கால் வைக்க இடம் தெரியவில்லை. பச்சை வண்டி கடைசி வாசலைக் கடந்ததா, கூம்பைத் தட்டியதா என்பது எனக்குத் தெரியாது. எங்கள் பாறையிலிருந்த யாருக்கும் தெரியாது. நிமிர்ந்து பார்த்தபோது மீதிப் பன்னிரண்டு பேரும், தூக்கத்திலிருந்து எழுந்தவர் உட்பட, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் இடப்பக்கம் சாய்ந்திருந்தார்கள்.

மனைவி விளிம்பில் வந்து நின்று குனிந்தார். என் காலைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், உள்ளங்கையை நீட்டினார்.

"வாங்க... வாங்க... இடது கால ஒடிச்சு வைங்க... இன்னும்... இன்னும் கொஞ்சம்... ஓல்டேன்!"

நின்றேன். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

"இப்ப வலது கால்... நேரா... பின்னாடி போகாதீங்க, ஒரு பாயிண்ட் போயிடும்... வரட்டும் வரட்டும்..."

வலது காலைக் கொஞ்சம் அகலமாக வைத்துவிட்டேன். அடியில் டப்பா நசுங்குகிற சத்தம் கேட்டது.

"பத்து" என்றார்.